சதுப்பு நிலமா? சும்மா கிடக்கும் நிலமா?

"பறவை பார்க்கப் போறேன்" என்று நம் ஹாஸ்டலில் யாராவது சொன்னால் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும். "எந்த பஸ் ஸ்டாப்புல மச்சான் நிக்குது அந்தப் பறவை?" என்று ஒரு குரல். "முதல்ல உன் அரியரை எண்ணு, அப்புறம் கொக்கை எண்ணலாம்" என்று இன்னொரு குரல். சிரித்துவிட்டுப் போகலாம், நானும் சிரிப்பேன். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு எண்ணம் உட்கார்ந்திருக்கிறது. பறவை பார்ப்பது பொழுது போகாதவர்களின் வேலை, பெரிய லென்ஸ் கேமராவும் காரும் வைத்திருப்பவர்களின் விளையாட்டு, மூன்று வருடத்தில் டிப்ளமோவை முடித்துவிட்டு வேலைக்கு ஓட வேண்டிய நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்கிற எண்ணம்.

நண்பர்களே! சம்பந்தம் இருக்கிறது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. வேறு யாருக்கு அவசியமோ இல்லையோ, நாளைக்கு லெவல் எடுக்கப் போகிற, பிளான் வரையப் போகிற, சைட்டில் நின்று "லாரியை இங்கே கவிழ்த்துடு" என்று கை காட்டப் போகிற நமக்குப் பறவை பார்ப்பது அவசியம். ஏன் என்று சொல்கிறேன்.

ரேடியல் ரோட்டில் ஒரு மதியம்

நம் ஊரில் இலையுதிர் காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஐப்பசி, கார்த்திகை இரண்டையும் நம் முன்னோர்கள் கூதிர் காலம் என்றார்கள். மழை பிடிக்கும் காலம். வடக்கே குளிர் ஆரம்பித்து, அங்கிருந்து பறவைகள் தெற்கே இறங்கும் காலமும் அதுதான். சென்ற ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை மதியம், இரண்டு மழைக்கு நடுவே கிடைத்த வெயிலில், நாங்கள் நான்கு பேர் பள்ளிக்கரணைக்குப் போனோம். இரண்டு பேர் சிவில், ஒருவன் மெக்கானிக்கல், ஒருவன் ஈ.சி.இ. கையில் இரவல் வாங்கிய ஒரே ஒரு பைனாகுலர்.

போக நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. துரைப்பாக்கத்தில் இருந்து பல்லாவரம் போகும் ரேடியல் ரோடு சதுப்பு நிலத்தின் நடுவே போகிறது. மதியத்துக்கு மேல் போவதானால் பள்ளிக்கரணைப் பக்கம் இறங்கி, துரைப்பாக்கம் நோக்கி நடங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்; பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். மாற்றி நடந்தால் எல்லாப் பறவையும் காக்கா மாதிரித்தான் தெரியும்.

அமைதியான இடம் என்று கற்பனை செய்துகொண்டு போகாதீர்கள். ஒரு பக்கம் லாரி, கம்பெனி பஸ், ஆட்டோ. காற்று திரும்பினால் பெருங்குடி குப்பைக் கிடங்கின் வாசம். சுற்றிலும் கண்ணாடிக் கட்டடங்கள். இத்தனைக்கும் நடுவில் கோரைப் புல்லும் தண்ணீரும். அந்தத் தண்ணீரில் கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம்!

ஊதா நிற உடம்பும் சிவப்பு மூக்குமாக நீலத் தாழைக்கோழிகள், ஹாஸ்டல் மெஸ் வரிசையைப் போல ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு கோரைக் கிழங்கைப் பிடுங்கித் தின்றன. நெற்றியில் வெள்ளை நாமத்தோடு நாமக்கோழிகள். ரோஜா நிறக் கால்களில் நெடுங்கால் உள்ளான்கள். வளைந்த மூக்கை ஊசி மாதிரி சேற்றில் குத்திக் குத்தி எடுக்கும் அன்றில்கள். வடக்கேயிருந்து வந்து இறங்கிய நீலச்சிறகிகளும் ஊசிவால் வாத்துகளும் வெயிலில் தலையைச் செருகித் தூங்கிக்கொண்டிருந்தன. தூரத்தில் சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று புல்லுக்கு மேலே தாழப் பறந்து வர, தூங்கிய வாத்தெல்லாம் ஒரே வினாடியில் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி இறங்கின. இரண்டு மணி நேரத்தில் 27 வகை எழுதினோம். பெயர் தெரியாமல் விட்டது தனி.

அதில் பொறி உள்ளான் என்று ஒரு சின்னப் பறவை. எடை சுமார் 60 கிராம். நம் பாக்கெட்டில் இருக்கும் செல்போனின் எடையில் பாதிகூட இல்லை. அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது ஐரோப்பா, ஆசியாவின் வடகோடிச் சதுப்புகளில். அங்கிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து, ரேடியல் ரோட்டு ஓரத்துச் சேற்றில் நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. "இவ்வளவு தூரம் வந்து இந்தக் குப்பை நாத்தத்துலயா நிக்கணும்?" என்றான் ஈ.சி.இ. நண்பன். வேறு எங்கே போகும் என்று யாருக்கும் பதில் தெரியவில்லை.

இலைக்கோழியும் ராஃப்ட் ஃபவுண்டேஷனும்

மிதக்கும் இலைகளின் மேல் ஒரு பறவை சாவகாசமாக நடந்துகொண்டிருந்தது. நீளவால் இலைக்கோழி. (பெயரில் உள்ள நீளவால் இனப்பெருக்கக் காலத்தில்தான் இருக்கும், ஐப்பசியில் தேடாதீர்கள்.) பெண் முட்டையிட்டுவிட்டுக் கிளம்பிவிடும், அடைகாத்துக் குஞ்சை வளர்ப்பது முழுக்க அப்பாவின் பொறுப்பு என்று நான் சொன்னதும் எங்கள் கூட்டத்தில் ஒரே ஆரவாரம். ஆனால் மெக்கானிக்கல் நண்பன் கேட்ட கேள்விதான் முக்கியம். "அது எப்படிடா இலை முழுகாம நடக்குது?"

காலைப் பார்க்கச் சொன்னேன். உடம்புக்குப் பொருத்தமே இல்லாத நீளத்தில் விரல்கள், அதைவிட நீளமாக நகங்கள். எடை ஒரே இடத்தில் இறங்காமல் பரவலான இடத்தில் பிரிந்து விழுகிறது. பலமில்லாத மண்ணில் ஒவ்வொரு தூணுக்கும் தனித்தனி ஃபுட்டிங் போடாமல், கட்டடம் முழுவதற்கும் ஒரே ராஃப்டாகப் போடச் சொல்லித் தருகிறார்களே, அதே கணக்கு. பேரிங் கெப்பாசிட்டி என்று நாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்வதை அந்தப் பறவை மதியச் சாப்பாட்டுக்காகச் செய்துகொண்டிருந்தது.

இதை வேடிக்கைக்காக மட்டும் சொல்லவில்லை. ஜப்பானின் 500 சீரிஸ் ஷிங்கான்சென் ரயில் 1997-இல் ஓட ஆரம்பித்தது. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம். அவ்வளவு வேகத்தில் சுரங்கப் பாதைக்குள் நுழையும் ரயில் முன்னால் உள்ள காற்றை அழுத்திக்கொண்டே போக, மறுமுனையில் வெடிச் சத்தம் கேட்கும் என்பது பெரிய பிரச்னையாக இருந்தது. அந்த ரயிலை உருவாக்கிய குழுவில் இருந்த எய்ஜி நகாட்சு என்ற இன்ஜினீயர் ஒரு பறவை ஆர்வலர். காற்றில் இருந்து தண்ணீருக்குள் மீன்கொத்தி அதிகம் சிதறடிக்காமல் பாய்வதைப் பார்த்தவர். ரயிலின் மூக்கு மீன்கொத்தியின் அலகு மாதிரி நீண்டது. மேலே மின்சாரம் எடுக்கும் பாண்டோகிராஃபின் இரைச்சலைக் குறைக்க ஆந்தையின் இறகிலிருந்து யோசனை வந்தது. பறவை பார்ப்பது வெட்டி வேலை என்று அவரை யாராவது ஹாஸ்டலிலேயே உட்கார வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அளக்க வந்தீங்களா தம்பி?

ரோட்டோரம் எருமை மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் ரொம்ப நேரம் எங்களையே பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். பைனாகுலர், நோட்டு, பேனா எல்லாம் பார்த்து அவருக்கு ஒரு சந்தேகம்.

"இன்னா தம்பி, எடம் அளக்க வந்தீங்களா?"

"இல்ல தாத்தா, பறவை பாக்க வந்தோம். காலேஜ்ல படிக்கிறோம்."

"இன்னா படிப்பு?"

"சிவில், தாத்தா. வீடு, ரோடு எல்லாம் கட்டுற படிப்பு."

அவர் சிரித்தார். "அளக்க வர்றவங்கள நிறைய பாத்துட்டேன் தம்பி. பறவை பாக்க வர்றவங்களையும் பாத்துட்டேன். ரெண்டும் ஒரே ஆளு செஞ்சு நான் பாத்ததில்ல."

அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு எருமையை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். என் கட்டுரைக்கு விஷயமே அதுதான். அளப்பவன் பறவையைப் பார்ப்பதில்லை. அளக்கும்போது ரெக்கார்டில் 'புறம்போக்கு' என்று இருக்கிறது, கண்ணுக்குச் சேறு தெரிகிறது, 'சும்மா கிடக்கும் நிலம்' என்று குறித்துக்கொள்கிறான். கழுவெளி என்று நம் மொழியில் அழகான ஒரு பெயர் இருந்த நிலம், காகிதத்தில் வெறும் இடமாகிவிடுகிறது. அந்தக் காகிதத்தைத் தயாரிக்கும் கை பெரும்பாலும் யாருடையது? மந்திரியுடையதா? கலெக்டருடையதா? இல்லை நண்பர்களே. டம்பி லெவலுக்குப் பின்னால் நிற்கும் டிப்ளமோக்காரனுடையது.

பறவை காட்டும் லெவல்

சர்வே பிராக்டிகலில் ஸ்டாஃபைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றிருக்கிறோம். பள்ளிக்கரணையில் ஸ்டாஃப் தேவையில்லை. பறவை நிற்கிற இடமே ரீடிங். பொறி உள்ளான் நின்றால் அங்கே இரண்டு விரற்கடைத் தண்ணீர். நெடுங்கால் உள்ளான் நின்றால் ஒரு சாணுக்குள். வாத்து தலையைக் கவிழ்த்து வாலை மேலே தூக்கினால் முழங்கை ஆழம். முக்குளிப்பான் மூழ்கி வேறு இடத்தில் எழுந்தால் அதைவிட ஆழம். பார்த்துக்கொண்டே போனால் மனசுக்குள் ஒரு கான்டூர் மேப் வரைந்துவிடலாம்.

இதில் கவனிக்க வேண்டியது என்ன? முழங்கால் ஆழத்துக்குள்தான் பெரிய கூட்டம். கரையும் தண்ணீரும் சேரும் அந்தச் சாய்வான சேற்று விளிம்பில்தான் புழு, நத்தை, தலைப்பிரட்டை, கோரை வேர் எல்லாம். இப்போது ஊரெங்கும் ஏரிகளை 'அழகுபடுத்துகிறோம்'. விளிம்பைச் செங்குத்தாக வெட்டி, கல் பதித்து, மேலே நடைபாதை, கைப்பிடி, கலர் விளக்கு. டிராயிங்கில் பார்க்க ரொம்ப நீட்டாக இருக்கும். தண்ணீரும் இருக்கும். ஆனால் பூஜ்யத்தில் இருந்து ஆறடிக்கு ஒரே இறக்கம்! உள்ளானுக்கு நிற்க இடமில்லை, இலைக்கோழிக்கு இலையில்லை. நீர்க்காகம் நாலு மட்டும் விளக்குக் கம்பத்தில் உட்கார்ந்திருக்கும்.

ஒரு பக்கம் கல் பதி, நடக்க வருகிறவர்களுக்கு வேண்டும். மறுபக்கம் கரையைச் சாய்வாக, மண்ணாகவே விடு. இதற்குச் செலவு குறைவே தவிர அதிகமில்லை. சைட் ஸ்லோப் 1-க்கு 1.5 என்பதை 1-க்கு 10 என்று மாற்றி எழுதினால் போதும். அந்த ஒரு எண்ணைப் போடும் இடத்தில் நாம் இருப்போம்.

250 லாரித் தண்ணீர்

"சரிடா, பறவைக்காக ஊரே வீடு கட்டாம இருக்கணுமா? நமக்கு வேலை எங்கே கிடைக்குது? அந்த ஓ.எம்.ஆர். கம்பெனியிலதானே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ரேடியல் ரோடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த ரோட்டில்தான் நாங்களும் போனோம். ஆனால் கணக்கைப் பார்ப்போம். நாம் கணக்குப் பார்க்கப் படித்தவர்கள்.

ஒரு ஹெக்டேர் என்றால் 10,000 சதுர மீட்டர். அதில் ஒரு அடி, அதாவது சுமார் 0.3 மீட்டர், தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3,000 கன மீட்டர். 30 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் அள்ளினால் 250 லாரி. ஒரே ஒரு ஹெக்டேர் சதுப்பில் ஒரு அடிக்கு மண்ணைக் கொட்டினால், 250 லாரித் தண்ணீர் வேறு இடம் தேடிப் போக வேண்டும். அது எங்கே போகும்? யார் வீட்டு ஹாலுக்கு?

அரை நூற்றாண்டுக்கு முன் பள்ளிக்கரணைச் சதுப்பு 5,000 ஹெக்டேர் அளவுக்குப் பரந்திருந்தது என்பார்கள். பிறகு குடியிருப்பு, கம்பெனி, அரசு நிறுவனங்கள், ரயில் நிலையம், குப்பைக் கிடங்கு, ரோடு என்று ஆளுக்கு ஒரு கை எடுத்துக்கொண்டோம். 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் சுமார் 1,247 ஹெக்டேர் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. 1971-இல் ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தான சர்வதேச ஒப்பந்தத்தின்படி, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்குக் கிடைக்கும் அந்தஸ்து அது. ஆனால் தென்சென்னையில் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழைக்கு இதுதான் வடிநிலம். ஏரிகள் நிரம்பி ஏரிகளுக்கு வழிந்து, கடைசியில் எல்லாம் இங்கே வந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, கோவளம் பக்கம் கடலுக்குப் போக வேண்டும். வருகிற வழி பல, போகிற வழி ஒன்று. நடுவில் ரோடு போட்டால் அதன் அடியில் எத்தனை கல்வெர்ட், எவ்வளவு அகலம், எந்த லெவலில் என்பது வாழ்வா சாவா என்கிற கேள்வி.

2015 டிசம்பர் வெள்ளம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். நம்மில் பலர் அப்போது சின்னப் பசங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் தெருவில் படகு விட்டார்கள். நகரத்தின் நடுவிலிருந்து ஏழைக் குடும்பங்களைக் கொண்டுபோய்க் குடி வைத்த செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் இந்தத் தண்ணீரின் பாதையில்தான் இருக்கின்றன. அங்கிருந்து நம் வகுப்புக்கு வரும் நண்பர்களைக் கேளுங்கள். ஒவ்வொரு மழைக்கும் மார்க் ஷீட்டையும் ரேஷன் கார்டையும் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பரணில் ஏற்றுவது எப்படி என்று சொல்வார்கள்.

ஆகவே, உள்ளான் நிற்கும் இடம் என்பது மழைத் தண்ணீர் நிற்க வேண்டிய இடம். பறவையைக் காப்பாற்றுவது ஒரு பக்கம் இருக்கட்டும். பறவை நமக்கு இலவசமாக ஒரு டேட்டா கொடுக்கிறது. வெள்ளம் எங்கே வரும் என்று அதன் கால் சொல்கிறது. அதைப் படிக்கத் தெரியாமல் பிளானில் கையெழுத்துப் போடுகிறவனை எப்படி இன்ஜினீயர் என்று சொல்வது?

என்ன செய்யலாம்?

வெறும் வாயால் பந்தல் போடாமல் நான்கு யோசனைகளை நம் மாணவர் பேரவைக்கு வைக்கிறேன்.

ஒன்று: பேரவை நிதியில் இரண்டு பைனாகுலர்கள் வாங்கி லைப்ரரியில் வைக்கலாம். ஐ.டி. கார்டைக் கொடுத்துவிட்டு யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகட்டும். கிரிக்கெட் கிட் வாங்குகிறோமே, அது மாதிரி.

இரண்டு: ஒவ்வொரு பிப்ரவரியிலும் கல்லூரி வளாகங்களில் பறவைகளை எண்ணும் 'கேம்பஸ் பேர்ட் கவுண்ட்' நாடு முழுக்க நடக்கிறது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடக்கிறது. இரண்டுக்கும் பணம் கட்ட வேண்டாம். எண்ணியதை செல்போனில் 'ஈபேர்ட்' செயலியில் ஏற்றினால் போதும். பெரிய பெரிய கல்லூரிகள்தான் பங்கெடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. வொர்க்ஷாப் பின்னால் இருக்கும் வேப்ப மரத்தில் இருந்து ஆரம்பிப்போம்.

மூன்று: சர்வே கேம்ப்பில் ஒரே ஒரு மதியத்தை ஏதாவது ஒரு ஏரிக்கரைக்கு ஒதுக்கும்படி நம் சார்களைக் கேட்கலாம். லெவல் எடுக்கும் அதே ஷீட்டில் கடைசியில் ஒரு காலம் கூடுதலாக. "இங்கே என்ன நின்றது?" என்று அதற்குத் தலைப்பு. ஸ்டாஃப் ரீடிங்குக்குப் பக்கத்தில் 'நெடுங்கால் உள்ளான் 14' என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

நான்கு: எலக்ட்ரிக்கல், மெக்கானிக்கல், ஈ.சி.இ. நண்பர்கள் "இது சிவில்காரன் சமாச்சாரம்" என்று நழுவ வேண்டாம். ஏரிக்கு மேலே போகும் மின்கம்பியில் அடிபடுவதும் பறவைதான். ஏரிக்கரைக்கு எவ்வளவு வெளிச்சமுள்ள விளக்கு என்று முடிவு செய்வது நீங்கள்தான்.

இன்னும் இரண்டு வருடத்தில் நம்மில் ஒருவன் ஏதோ ஒரு கான்ட்ராக்டரிடம் சைட் சூப்பர்வைசராக இருப்பான். ஒருவன் டிராஃப்ட்ஸ்மேன். ஒருவன் பரீட்சை எழுதி அரசாங்கத்தில் ஓவர்சியர். அப்போது மேலே இருப்பவர் ஒரு பச்சைத் தண்ணீரைக் காட்டி, "சும்மா கிடக்கிற இடம்தானே, நிரப்பிடலாமா?" என்று கேட்பார். எதிர்த்துப் பேசும் அதிகாரம் நமக்கு இருக்காது. அது எனக்கும் தெரியும். ஆனால், "சார், இங்கே மழைக்காலத்துல இவ்வளவு தண்ணி நிக்குது, இன்னின்ன பறவை இறங்குது, நிரப்பினா அந்தத் தெருவுக்குத் தண்ணி ஏறும்" என்று ரிப்போர்ட்டில் எழுதும் அதிகாரம் கட்டாயம் இருக்கும். எழுதி வைத்தது ஃபைலில் நிற்கும். என்றைக்காவது ஒருநாள் கோர்ட்டில் யாராவது அதை எடுத்துப் படிப்பார்கள்.

அதை எழுத வேண்டுமானால் முதலில் பார்த்திருக்க வேண்டும். வருகிற கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை மதியம் ஃப்ரீயா? பஸ் பாஸ் இருக்கிறது. பைனாகுலர் இல்லாவிட்டாலும் கண் இருக்கிறது. வாங்க, போகலாம்!

— இறுதியாண்டு சிவில் மாணவன்